பார்படோஸைச் சுற்ற: பஸ்ஸா, வாடகைக் காரா, டாக்ஸியா?

பார்படோஸுக்கு விமான டிக்கெட்டும் தங்கும் இடமும் முடிவானதும் எல்லாரும் வந்து நிற்பது ஒரே கேள்வியில்தான்: ஊர் சுற்ற கார் எடுப்பதா, பஸ்ஸே போதுமா, பேசாமல் ஒரு டாக்ஸிக்காரரைப் பிடித்துக்கொள்வதா? கார் எடுத்தவரைக் கேட்டால் கார் இல்லாமல் முடியவே முடியாது என்பார். பஸ்ஸில் போய்வந்தவரோ காருக்குக் கொடுப்பது தண்டம் என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஒருவர் தங்கிய இடம் வேறு, இன்னொருவர் பார்த்த இடம் வேறு.

தீவு சின்னது. நீளம் 34 கிலோமீட்டர், அகலம் 23. அந்த அளவுதான் திட்டம் போடுகிறவர்களை ஏமாற்றுகிறது. வரைபடத்தில் ஒரு விரற்கடை தூரம், அரை மணியில் போய்விடலாம் என்று தோன்றும். கரும்புக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் ஒடுங்கிய சாலையில் அது ஒரு மணி நேரம் பிடிக்கும்.

என் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வாரத்துக்குப் போகிற பெரும்பாலோருக்கு அன்றாடத்துக்கு பஸ், நடுவில் இரண்டு நாள் கார், இறங்குகிற நாளுக்கும் இரவுக்கும் டாக்ஸி. வாரம் முழுக்க கார் வேண்டியவர்கள் உண்டு, ஆனால் குறைவு.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலில் பார்க்க வேண்டியது தங்கும் இடம். மேற்குக் கரையில் தலைநகர் பிரிட்ஜ்டவுனிலிருந்து ஹோல்டவுன் வழியாக ஸ்பைட்ஸ்டவுன் வரை ஒரு கடலோரச் சாலை. தெற்கில் ஹேஸ்டிங்ஸ், வொர்திங், செயின்ட் லாரன்ஸ் கேப், ஓய்ஸ்டின்ஸ் என்று இன்னொன்று. இந்த இரண்டில் ஒன்றுக்கு நடந்துபோகிற தூரத்தில் அறை இருந்தால் வண்டிக்குப் பஞ்சமில்லை. மலிவாகக் கிடைத்ததென்று உள்ளே மேட்டுப்பக்கம் வீடு எடுத்தால், அறை வாடகையில் மிச்சம் பிடித்தது வண்டிச் செலவில் போய்விடும்.

அடுத்தது, எதைப் பார்க்க வந்தீர்கள் என்பது. கடலில் குளிக்க மேற்கும் தெற்கும். அட்லாண்டிக் அலை பாறையில் மோதுவதையும், குன்றுகளையும், பழைய கரும்புத் தோட்ட மாளிகைகளையும் பார்க்க கிழக்கும் வடக்கும். கிழக்கில் நீந்த நினைக்காதீர்கள். அங்கே கடலின் இழுப்பு பலமானது.

மூன்றாவது, இருட்டு. பிரிட்ஜ்டவுனும் சென்னையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை, வடக்கே 13 டிகிரி. ஆண்டு முழுக்க ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில் சூரியன் மறைந்துவிடும், மறைந்த கொஞ்ச நேரத்தில் கும்மிருட்டு. லண்டனிலும் டொராண்டோவிலும் கோடையில் ஒன்பது மணி வரை வெளிச்சம் பார்த்துப் பழகியவர்கள் போடும் மாலைத் திட்டம் இங்கே பலிக்காது.

பிறகு ஆள் கணக்கு. பஸ்ஸில் தலைக்குக் கட்டணம், மற்ற இரண்டிலும் வண்டிக்கு. ஒருவரோ இருவரோ போனால் பஸ்ஸுக்குப் போட்டியே இல்லை. நான்கு பேரானால் கணக்கு மாறும். முழங்கால் வலிக்காரர் ஒருவர் கூட இருந்தால் இன்னும் மாறும்.

கடைசியாக, விலைப் பட்டியலில் வராத செலவுகள். அதற்கு முன் நாணயம் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு பார்படோஸ் டாலர் ஒரு அமெரிக்க டாலருக்குச் சமம், 1975 முதல் இதே விகிதம். சுற்றுலாப் பயணிகள் புழங்கும் இடங்களில் இரண்டு நோட்டையும் வாங்கிக்கொள்வார்கள். அதனால் ஒருவர் "நாற்பது டாலர்" என்றால் எந்த டாலர் என்று கேட்காமல் தலையாட்டக் கூடாது.

| | பஸ், வேன் | வாடகைக் கார் | டாக்ஸி |
|---|---|---|---|
| கட்டணம் | தலைக்கு 3.50 பார்படோஸ் டாலர், தூரக் கணக்கு இல்லை | நாள் வாடகை, பெர்மிட், காப்பீடு, பெட்ரோல் | வண்டிக்கு. மீட்டர் கிடையாது |
| மேற்கு, தெற்குக் கரை | இதுதான் சரி | நிறுத்த இடம் தேடி அலைச்சல் | பகலில் தேவையில்லை |
| கிழக்கு, வடக்கு | ஒரு நாளுக்கு ஒரு இடம் | ஒரே நாளில் முழுச் சுற்று | பெரியவர்களோடு போனால் நல்லது |
| ஞாயிற்றுக்கிழமை | வண்டி குறைவு | சாலை காலி | வழக்கம்போல் |
| இருட்டிய பின் | தெற்குக் கரையில் மட்டும் | பழகாதவர்கள் தவிர்க்கலாம் | இதுதான் சரி |

## பஸ்ஸும் வேனும்

மூன்று வகை வண்டி ஓடுகிறது, நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். நீலத்தில் மஞ்சள் கோடு போட்டது அரசு பஸ். மஞ்சளில் நீலக் கோடு என்றால் தனியார் மினி பஸ். வெள்ளை வேனில் அரக்குக் கோடு இருந்தால் அது 'இசட்-ஆர்'. நம்பர் பிளேட் அந்த இரண்டு எழுத்தில் தொடங்குவதால் ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது. மூன்றிலும் கட்டணம் ஒன்றே. 2019-இல் 2 டாலரிலிருந்து 3.50 ஆக்கினார்கள். நம் பணத்தில் சுமார் 150 ரூபாய். தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போனாலும் அதேதான், அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாலும் அதேதான்.

பஸ் நிறுத்தத்தில் வட்டமாக ஒரு பலகை இருக்கும். 'டு சிட்டி' என்றிருந்தால் பிரிட்ஜ்டவுன் பக்கம், 'அவுட் ஆஃப் சிட்டி' என்றிருந்தால் எதிர்ப்பக்கம். சாலையின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது மட்டும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கை நீட்டாவிட்டால் அரசு பஸ் நிற்காமல் போய்விடும். இசட்-ஆர் அப்படி இல்லை. நீங்கள் சும்மா நடந்துபோனாலும் பின்னால் வந்து ஹாரன் அடித்து வருகிறீர்களா என்று கேட்கும். நம்மூர் ஷேர் ஆட்டோவின் தர்மம்தான் அதற்கும்: இடம் இருக்கிறது என்று வண்டிக்காரர் சொன்னால் இடம் இருக்கிறது. பாட்டுச் சத்தத்தில் கண்ணாடி அதிரும், ஓட்டுவதும் வேகம். இது பிடிக்காதவர்கள் நீல பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம். ஆனால் நீல பஸ்ஸில் சில்லறை தர மாட்டார்கள், 3.50-ஐ சரியாக எண்ணிக் கொடுக்க வேண்டும், உள்ளூர் நாணயத்தில். வேனில் மீதி கிடைக்கும். முதல் நாளே ஒரு கடையில் நோட்டை மாற்றி ஒரு டாலர் காசுகளாகச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறும்போது பொதுவாக எல்லாருக்கும் ஒரு 'குட் மார்னிங்' சொல்வது அங்கே வழக்கம். சொல்லாதவரை முரட்டு ஆளாக நினைப்பார்கள். நீச்சலுடையோடு ஏறுவதையும் ரசிக்க மாட்டார்கள். இன்னொன்று: ராணுவ உடை போல திட்டுத்திட்டாக நிறம் போட்ட துணி பார்படோஸில் சட்டப்படி குற்றம், குழந்தைகள் போட்டாலும். பெட்டி கட்டும்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.

பஸ்ஸின் அருமை மேற்குக் கரையில் தெரியும். பார்படோஸில் கடற்கரை எல்லாம் பொதுவானது. எந்த விடுதியும் மணலைத் தனதென்று சொல்ல முடியாது. ஆனால் சாலையிலிருந்து கடலே தெரியாத அளவுக்குச் சுவரும் மாளிகையுமாக இருக்கும். இரண்டு மதிலுக்கு நடுவே ஓர் ஆள் போகிற சந்து, அதன் முடிவில் கடல். அந்தச் சந்தின் வாயில் காரை நிறுத்த இடமிருக்காது. வேனோ சரியாக அங்கேயே இறக்கிவிடும். உள்ளே போனால் மரநிழலில் உட்காரும் முன் அடிமரத்தைப் பாருங்கள். சிவப்புப் பட்டை அடித்திருந்தால் அது மஞ்சினீல். காய் சின்னப் பச்சை ஆப்பிள் போல இருக்கும், கடித்தால் விஷம். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினாலும் சொட்டும் நீர் பட்டுத் தோல் கொப்பளிக்கும்.

ஒருவழி நடைக்கும் பஸ்தான். 1937-இல் மூடிய ரயில் பாதையின் தடம் கிழக்குக் கரையில் இன்னும் இருக்கிறது. பிரிட்ஜ்டவுனில் பஸ் ஏறி பாத்ஷீபாவில் இறங்கி, காளான் போல அடி அரிக்கப்பட்டுக் கடலில் நிற்கும் பாறைகளைப் பார்த்துவிட்டு, அந்தத் தடத்தில் தெற்கே மார்ட்டின்ஸ் பே வரை நடக்கலாம். காரில் போனவர் எவ்வளவு நடந்தாலும் கார் நிற்கிற இடத்துக்குத் திரும்பியாக வேண்டும்.

கிரிக்கெட்டுக்கு வருகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம். 2024 ஜூன் 29 அன்று தென்னாப்பிரிக்காவை 7 ரன்னில் வென்று இந்தியா டி20 உலகக் கோப்பையை எடுத்த கென்சிங்டன் ஓவல், பிரிட்ஜ்டவுனின் மேற்குப் பக்க பஸ் நிலையங்களிலிருந்து நடக்கிற தூரம். ஆட்ட நாளில் அந்தப் பக்கம் கார் எடுத்துப் போனால் முதல் சில ஓவர்களை காருக்குள்ளேயே உட்கார்ந்து ரேடியோவில் கேட்கலாம்.

இனி பஸ் கேட்கும் விலை. பணமாக இல்லை, நேரமாகக் கேட்கும். பிரிட்ஜ்டவுனில் தெற்குக்கும் கிழக்குக்கும் போகிற வண்டிகள் ஃபேர்சைல்ட் ஸ்ட்ரீட் பக்கம் புறப்படும். மேற்கு, வடக்கு வண்டிகள் ஊரின் மறுபக்கம். மாறி ஏற கால் மணி நேரம் வெயிலில் நடக்க வேண்டும், மறுபடி 3.50 கட்டவும் வேண்டும். கிழக்குப் பக்கம் மணிக்கு ஒரு பஸ் என்பதே பெரிய விஷயம். பாத்ஷீபாவில் இறங்கும்போதே கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள். காகிதத்தில் இருப்பதைவிட அவர் சொல்வது நம்பகமானது. ஞாயிற்றுக்கிழமை எல்லாமே பாதியாகும். பள்ளி விடும் நேரத்தில் சீருடைப் பிள்ளைகளால் வண்டி நிரம்பி, கை நீட்டினாலும் நிற்காமல் போகும்.

## வாடகைக் கார்

நம்மூர் போலவே இடதுபக்கம் ஓட்டுவது, ஸ்டியரிங் வலதுபக்கம். சென்னையிலோ கொழும்பிலோ ஓட்டிப் பழகியவருக்கு முதல் நாளே கை வந்துவிடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓட்டுகிற நம்மவர்கள் முதல் அரை நாளை நெரிசலில்லாத இடத்தில் கழிப்பது நல்லது. வெளிநாட்டு உரிமத்தோடு பார்வையாளர் பெர்மிட் ஒன்றும் வேண்டும். வாடகை நிறுவனமே எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ளும்.

வாடகைக் கார்களின் நம்பர் பிளேட் 'ஹெச்' என்று தொடங்கும். உள்ளூர்க் கார்களில் மாவட்ட எழுத்து இருக்கும். செயின்ட் மைக்கேல் என்றால் 'எம்', கிறைஸ்ட் சர்ச் என்றால் 'எக்ஸ்'. அதனால் நீங்கள் வெளியூர் என்பது நூறு அடி தூரத்திலேயே தெரிந்துவிடும். இதில் ஒரு லாபம், வழி தெரியாமல் திணறினால் பொறுத்துக்கொள்வார்கள். காரில் பையை விட்டுவிட்டுக் கடலுக்குப் போகாதீர்கள் என்பதற்கும் அதே பிளேட்தான் காரணம்.

கார் எதற்கு என்றால் வடக்குச் சுற்றுக்கு. ஸ்பைட்ஸ்டவுனிலிருந்து மேலே ஏறி, தீவின் வட முனையில் அனிமல் ஃப்ளவர் குகை. கடல் கொந்தளித்தால் குகைக்குள் இறங்க விட மாட்டார்கள், மேலே நின்று பார்க்கலாம். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் மஹோகனி மரங்கள் இருபுறமும் நிற்கும் செர்ரி ட்ரீ ஹில். அதன் உச்சியில் காரை ஓரம் கட்டினால் கிழக்குக் கரை முழுதும் கீழே விரியும். பக்கத்திலேயே செயின்ட் நிக்கலஸ் அபே. பெயரில்தான் மடம் இருக்கிறது. உண்மையில் 17-ஆம் நூற்றாண்டுத் தோட்ட மாளிகை, இன்றும் ரம் காய்ச்சுகிறார்கள். இறக்கத்தில் மார்கன் லூயிஸ் காற்றாலை, கரும்பு பிழியக் கட்டியது. பிறகு கடலை ஒட்டிய கிழக்குச் சாலையில் பாத்ஷீபா, மேலேறி ஹன்ட்ஸ் தோட்டமோ ஹேரிசன்ஸ் குகையோ, வீடு. காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடலாம். இதையே பஸ்ஸில் பார்க்க மூன்று நாள் வேண்டும், அதிலும் செர்ரி ட்ரீ ஹில் விட்டுப்போகும்.

ஓட்டுவது கடினமா என்றால், நெடுஞ்சாலை சுலபம், உட்சாலை கடினம். நெடுஞ்சாலையில் ரவுண்டானாவுக்கு மேல் ரவுண்டானா. சோபர்ஸ், வீக்ஸ், வால்காட் என்று கிரிக்கெட் வீரர்கள் பெயரில் அவற்றில் சில இருப்பதால் நமக்கு நினைவில் நிற்கும். வழி கேட்டால் உள்ளூர்க்காரர்களும் ரவுண்டானாக்களைச் சொல்லிக் காட்டுவார்கள். உட்சாலையில் கரும்பு ஆளுயரம் வளர்ந்திருக்கும் மாதங்களில் வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்றே தெரியாது. எதிரே பஸ் வந்தால் ஒருவர் பள்ளத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும். சாலையில் குழி நிறைய. பல நாள் காய்ந்த சாலையில் முதல் மழை விழுந்தால் எண்ணெய் பூசியது போல வழுக்கும். காலை ஏழு முதல் ஒன்பது வரை பிரிட்ஜ்டவுன் பக்கமும், மாலை நான்கு முதல் ஆறு வரை அங்கிருந்து வெளியேறும் பக்கமும் நெரிசலில் வண்டி நகராது.

சின்னக் காரின் நாள் வாடகை 50 அமெரிக்க டாலரை ஒட்டித் தொடங்கும். அதோடு நின்றால் பரவாயில்லை. பெர்மிட், காப்பீடு, இரண்டாவது ஓட்டுநர் இருந்தால் அவருக்கு, குழந்தை இருக்கை என்று மேலே மேலே ஏறும். காப்பீடு எடுத்தபின்னும் சேதத்தில் முதல் ஒரு தொகை உங்கள் தலையில்தான். டயரும் வண்டியின் அடிப்பாகமும் பல ஒப்பந்தங்களில் காப்பீட்டுக்குள் வராது. குழி நிறைந்த ஊரில் முதலில் போவதும் அவைதான். கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். வண்டியைச் சுற்றிவந்து சக்கர விளிம்பு உட்பட வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், எடுப்பது கொடுப்பவருக்குத் தெரியும்படி. பெட்ரோல் விலையை அரசு நிர்ணயிப்பதால் எல்லா பங்கிலும் ஒன்றுதான், மலிவான பங்க் தேடி அலைய வேண்டாம்.

கதவில்லாத 'மோக்' வண்டிகள் படத்துக்கு அழகு. மதிய வெயிலும் திடீர் மழையும் நேராக மடியில் விழும். தேனிலவுக்கு வந்தவர்கள் எடுக்கட்டும்.

## டாக்ஸி

மீட்டர் இல்லை. இன்ன இடத்துக்கு இவ்வளவு என்று வரையறுத்த கட்டணம் உண்டு, விமான நிலையத்தில் பலகையில் பார்க்கலாம். நம்பர் பிளேட் 'இசட்' என்ற ஒற்றை எழுத்தில் தொடங்குவதுதான் உண்மையான டாக்ஸி. ஏறுமுன் தொகையையும் எந்த டாலர் என்பதையும் பேசி முடித்துவிட வேண்டும்.

பகல் முழுக்க ஒரு டாக்ஸியை வைத்துக்கொண்டால் காரின் இரண்டு மூன்று நாள் வாடகை ஆகிவிடும். ஆனால் அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்கு அது வீண் செலவாகாது. குகை வாசலில் இறக்கிவிடுவார், வெயிலில் நிறுத்துமிடத்திலிருந்து நடக்க வேண்டாம், நடுவில் நல்ல சாப்பாட்டுக் கடைக்குத் தானே கூட்டிப்போவார். காத்திருக்கும் நேரத்துக்குத் தனிக் கட்டணமா என்பதை மட்டும் காலையிலேயே கேட்டுவிடுங்கள். பெரும்பாலான மனஸ்தாபம் அங்கேதான் வரும். கடைக்கு அழைத்துப்போகும்போது அவர் விருப்பத்துக்கு விட்டால் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே இருக்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதும் உண்டு. "நீங்கள் எங்கே சாப்பிடுவீர்களோ அங்கே" என்று சொல்லிப் பாருங்கள், மக்ரோனி பையும் மீனும் பாதி விலையில் கிடைக்கும்.

## யாருக்கு எது

தனியாகவோ இருவராகவோ, தெற்குக் கரையில் தங்கி, கடலும் சாப்பாடும் போதும் என்றால் காரை மறந்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை இரவு ஓய்ஸ்டின்ஸ் மீன் சந்தைக்குப் போய் ரம் குடித்துவிட்டுத் திரும்பவும் அந்தச் சாலையில் இசட்-ஆர் ஓடும், 11 என்று எண் போட்ட வண்டி. குடிக்கிற எண்ணம் இருக்கிற நாளில் கார் சாவி கையிலேயே இருக்கக் கூடாது.

சிறு குழந்தைகளோடு நான்கு பேர் என்றால் வாரத்தில் மூன்று நாள் கார் நியாயம். தள்ளுவண்டியை மடக்கி வேனில் ஏற்றுவது ஒரு முறைதான் வேடிக்கையாக இருக்கும்.

அலைச்சறுக்குக்காகவோ அமைதிக்காகவோ பாத்ஷீபாவில் அறை எடுத்தவர்களும், உட்பகுதியில் வீடு எடுத்தவர்களும்தான் முழு வாரமும் கார் வைத்திருக்க வேண்டியவர்கள். அங்கே மளிகை வாங்கவே வண்டி வேண்டும்.

பெரியவர்களோடு என்றால் ஒரு நாள் டாக்ஸியில் வடக்குச் சுற்று, மற்ற நாட்கள் விடுதிக்குப் பக்கத்துக் கடற்கரை. வண்டி ஓட்டத் தயங்குகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். வளைவுக்கு வளைவு பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினால் கடலைப் பார்ப்பது எப்போது?

மற்றவர்களுக்கு, காரை எந்த இரண்டு நாளுக்கு எடுப்பது என்பதுதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை அதில் ஒன்றாக இருக்கட்டும். பஸ் படுத்துவிடும் அதே நாளில்தான் சாலையும் காலியாக இருக்கும், பிரிட்ஜ்டவுன் நெரிசலும் இருக்காது. ஞாயிறன்று அலுவலகம் திறக்காத வாடகைக்காரர்கள் உண்டு, ஆகவே சனிக்கிழமை மதியம் எடுத்து திங்கள் காலை திருப்பிக் கொடுங்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரையும், ஆகஸ்ட் முதல் திங்களன்று முடியும் கிராப் ஓவர் திருவிழாவை ஒட்டியும் போகிறவர்கள் விமான டிக்கெட்டோடு சேர்த்தே காரையும் பதிவு செய்துவிட வேண்டும். அந்த வாரங்களில் நேரில் போய்க் கேட்டால் பெரும்பாலும் மோக்தான் மிஞ்சியிருக்கும்.